புல்லுக்கு இட்டது கோரைக்குப் போனது

புல்லை வெட்டிய மூன்றாம் நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், புல்தரையின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கண்ணைத் தரையோடு தாழ்த்திப் பார்த்தால், எங்கெல்லாம் கோரைக் களை இருக்கிறது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். புல்தரைக்கென்று விரித்த கொரியன் புல் வெட்டிய மட்டத்திலேயே நின்றுகொண்டிருக்க, கோரை மட்டும் இரண்டு விரற்கடை மேலே எழுந்து, சற்று வெளிறிய பச்சையில் மினுங்கிக்கொண்டு நிற்கும். அதன் பூத்தண்டை இரு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினால் உருளாது. மூன்று பட்டைகள் விரலில் தட்டுப்படும்.

கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டின் முன்புறம் 2 சென்ட் அளவுள்ள புல்தரையை 2018ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பராமரித்துவருகிறேன். முதல் மூன்று ஆண்டுகளில் புல்லுக்கு என்று நினைத்து நான் இட்ட உரத்தில் பெரும்பங்கு கோரைக்கும் பிற களைகளுக்கும்தான் போய்ச் சேர்ந்தது. எந்தக் காலத்தில் உரம் இடுகிறோமோ, அந்தக் காலத்தில் எந்தச் செடி வேகமாக வளர்கிறதோ அதுவே உரத்தை உண்ணும் என்பதையும், உரமிடும் நாளைத் தேர்ந்தெடுப்பதே களையெடுப்பின் முதல் வேலை என்பதையும் புரிந்துகொள்ள எனக்கு அத்தனை காலம் பிடித்தது. நான் இழந்த ஆண்டுகளை மற்றவர்கள் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

வீடு கட்டி முடிந்தபோது, முன்புறத்தில் செங்கல் துண்டும் சிமெண்டுக் கழிவும் கலந்து கிடந்த மண்ணை அள்ளிவிட்டு, இரண்டு யூனிட் செம்மண் கொட்டிப் பரப்பினோம். ஏறக்குறைய மூன்று அங்குல உயரம் வந்தது. அதன்மேல் சதுரம் சதுரமாக வெட்டிய கொரியன் புல் பத்தைகளை விரித்துத் தட்டி, தண்ணீர் விட்டோம். அந்தச் செம்மண் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. நாற்பது நாட்களில் பத்தைகளின் இடுக்குகளிலிருந்து ஊசி போன்ற குருத்துகள் வெளிவந்தன. அவை செம்மண்ணோடு வந்த கோரைக்கிழங்குகளிலிருந்து முளைத்தவை.

இப்போது யாராவது புல்தரை போடுவதாகச் சொன்னால், மண் லாரி வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இரண்டு கூடை எடுத்துவந்து, ஒரு பழைய தொட்டியில் நிரப்பி, பதினைந்து இருபது நாட்கள் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்கிறேன். என்ன முளைக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு மண்ணை வாங்கலாம். கட்டுமான வேலைக்கு ஓராண்டு காத்திருந்தவர்கள் மண்ணுக்காக இருபது நாட்கள் காத்திருப்பது பெரிய காரியம் இல்லை. மண் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது என்றால், பத்தையை விரிப்பதற்கு முன் இரண்டு முறை தண்ணீர் விட்டு, முளைப்பதையெல்லாம் முளைக்கவைத்து அழித்த பிறகு விரிக்கலாம். புல் வேரூன்றிய பிறகு செய்ய முடியாத பல காரியங்களை வெறும் மண்ணில் எளிதாகச் செய்துவிட முடியும்.

2019 ஏப்ரலில் புல் ஆங்காங்கே மஞ்சளானது. தோட்ட வேலைக்கு வந்தவர் யூரியா போட்டால் சரியாகிவிடும் என்றார். சில்லறையாக இரண்டு கிலோ வாங்கிவந்து, காலையில் தண்ணீர் விட்ட ஈரம் காயாத புல்லின்மேல் பதினொரு மணி வெயிலில் கையால் வீசினேன். மீண்டும் தண்ணீர் விட்டது மாலையில்தான். ஐந்தாம் நாள் புல்தரையைப் பார்த்தபோது, என் கை வீசிய வீச்சு அப்படியே பிறை பிறையாகக் கருகியிருந்தது. எங்கே கையை வேகமாக வீசினேன், எங்கே நின்று குருணையைச் சிந்தினேன் என்பதையெல்லாம் அந்தக் கருகலைப் பார்த்தே சொல்லிவிடலாம் போலிருந்தது.

அன்று செய்யாத கணக்கைப் பிறகு செய்துபார்த்தேன். 2 சென்ட் என்பது ஏறத்தாழ 871 சதுர அடி, அதாவது 81 சதுர மீட்டர். கொரியன் புல் மெதுவாக வளரும் இனம். ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்) அதற்குத் தாராளமாகப் போதும். அப்படியானால் மொத்தத்துக்கும் வேண்டியது சுமார் 200 கிராம் தழைச்சத்து. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால், 440 கிராம் யூரியா போதுமானது. நான் போட்டது 2000 கிராம். தேவையைப் போல நான்கரை மடங்கை ஈர இலையின்மேல் உச்சிவெயிலில் போட்டிருக்கிறேன். ஈரத்தில் கரைந்த யூரியா, இலையிலிருந்தே நீரை உறிஞ்சி எடுத்து அதைக் கருக்கியது. 2015ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது; அந்தப் பூச்சு மண்ணில் தழைச்சத்து உருமாறி வீணாவதைத் தாமதப்படுத்துமே தவிர, இலை கருகுவதைத் தடுக்காது.

கருகியதைவிடப் பெரிய இழப்பு அதற்குப் பின் நேர்ந்தது. புல் கருகி வெறுமையான இடங்களில் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. மே மாதத்தில் கோடைமழை இரண்டு பெய்தது. மண்ணில் நான் இட்ட தழைச்சத்து மிச்சமிருந்தது. கோரைக்கு வேண்டியவை வெளிச்சம், சூடு, ஈரம், உரம் ஆகிய நான்குமே. நிழலை மட்டும் அது தாங்காது. புல் மீண்டும் தலையெடுக்க இரண்டு மாதம் தேவைப்பட்ட இடத்தில், கிழங்கில் உணவைச் சேமித்துவைத்திருக்கும் கோரை இரண்டு வாரத்தில் எழுந்துவிட்டது. கருகிய பிறைகள் எல்லாம் ஜூனில் பச்சையாகிவிட்டன. ஆனால் அந்தப் பச்சை கோரையின் பச்சை.

புல் மஞ்சளானதற்குக் காரணம் தழைச்சத்துக் குறைவே இல்லை என்பது அதன் பிறகு மண்ணைப் பரிசோதித்தபோது தெரியவந்தது. புல்தரையில் எட்டுப் பத்து இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து நான்கு அங்குல ஆழம்வரை சீவி எடுத்த மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கும் கால் பங்கு முறையில் குறைத்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி ஆய்வகத்தில் கொடுத்தேன். கார அமில நிலை (pH) 8.3, சுண்ணாம்புத்தன்மை அதிகம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) நடுத்தரம். வீட்டுத் தோட்டங்களுக்கு எல்லோரும் வாங்கிப் போடும், மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரம் எங்கள் மண்ணுக்குத் தேவையே இல்லை என்பது அந்த ஒரு தாளில் இருந்தது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. போதாததற்கு எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் கடின நீர். ஒவ்வொரு முறை பாய்ச்சும்போதும் மண்ணில் சுண்ணாம்பு கூடிக்கொண்டேயிருக்கிறது.

தழைச்சத்துக் குறைவையும் இரும்புச்சத்துக் குறைவையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். ஒரு புல் கிளையைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகி, நுனிக் குருத்து பச்சையாக இருந்தால் தழைச்சத்து போதவில்லை என்று பொருள். மாறாக, அடி இலை பச்சையாக இருக்க, நுனியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. எங்கள் புல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட், அதனோடு 1 கிராம் சிட்ரிக் அமிலம் என்ற அளவில் நான்கு லிட்டர் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தேன். சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடின நீரில் இரும்பு உடனே பழுப்பாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். ஐந்தாம் நாள் குருத்து பச்சையானது. நடைபாதைக் கற்களில் பட்ட துளிகளை அப்போதே கழுவிவிட வேண்டும் என்பதை மட்டும் நான் அறிந்திருக்கவில்லை. துருக்கறை இன்றும் அங்கே இருக்கிறது.

அதிலிருந்து யூரியாவுக்குப் பதிலாக அம்மோனியம் சல்பேட்டைப் பயன்படுத்துகிறேன். அதில் தழைச்சத்து ஏறக்குறைய 20.5 விழுக்காடு என்பதால் 2 சென்ட்டுக்கு ஒரு தடவைக்கு ஒரு கிலோ கணக்காகிறது. அதில் உள்ள கந்தகமும், மண்ணின் காரத்தன்மையைச் சிறிதளவு தணிக்கும் இயல்பும் எங்கள் மண்ணுக்கு ஏற்றவை. ஒரு கிலோவை இரண்டு அரைக் கிலோவாகப் பிரித்து, ஒவ்வொன்றோடும் இரண்டு மடங்கு காய்ந்த மணலைக் கலந்து, முதல் பாதியை வடக்கு தெற்காகவும் மறு பாதியைக் கிழக்கு மேற்காகவும் தூவுகிறேன். இலை காய்ந்திருக்க வேண்டும்; தூவிய கால் மணி நேரத்துக்குள் குருணை கரைந்து மண்ணுக்குள் இறங்குமளவு தண்ணீர் விட வேண்டும். கார மண்ணின் மேற்பரப்பில் கிடக்கும் உரம் அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போய்விடும் என்பதால், இந்தத் தண்ணீரைத் தள்ளிப்போடக் கூடாது.

கோரையைப் பற்றிய பாடம் என் தந்தையிடமிருந்து வந்தது. உடுமலைப் பக்கம் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டப் (பி.ஏ.பி.) பாசனத்தில் மக்காச்சோளமும் தக்காளியும் பயிரிட்டவர், முதுமை காரணமாக எங்களுடன் வந்து தங்கியவர். வந்த நாள் முதல் விடியற்காலையில் அந்தப் புல்லில் வெறுங்காலோடு நடப்பது அவருக்கு வழக்கமாயிற்று. நான் ஞாயிறுதோறும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கோரையைக் கொத்தி எடுப்பதை இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் வாரம் அருகே வந்து, “கண்ணு, கோரையைக் கொத்துனா அது போறதில்ல, பிரிஞ்சு குடித்தனம் வைக்கும். ஒரு அடிச் சதுரம் தோண்டி அடியில என்ன இருக்குதுன்னு பாரு, அப்புறம் கொத்து” என்றார்.

தோண்டினேன். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஒரு சாண் ஆழம். அந்த மண்ணைச் சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசியபோது 43 கிழங்குகள் எஞ்சின. கொண்டைக்கடலை அளவிலிருந்து பெரிய நெல்லிக்கொட்டை அளவு வரை, கறுப்புத் தோலும் உள்ளே வெண்மையும் கொண்டவை. மெல்லிய கம்பி போன்ற வேர்த்தண்டில் நாலைந்தாகக் கோத்துக் கிடந்தன. நகத்தால் கீறினால் நலங்கு மாவின் வாசம் வந்தது. நலங்கு மாவுக்குச் சேர்ப்பதும் இதே கோரைக்கிழங்குதான். மேலே அந்தச் சதுரத்தில் தெரிந்த கோரைச் செடிகள் ஒன்பது மட்டுமே. மற்ற கிழங்குகள் உறங்கிக்கொண்டிருந்தவை. ஒரு கோர்வையில் நுனிக்கிழங்கு முளைத்திருக்கும்வரை அது மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கிவைத்திருக்கிறது. களைக்கொத்தால் அந்தக் கோர்வையை அறுத்துவிட்டால் அந்தக் கட்டு நீங்கி, உறங்கிய கிழங்குகள் தனித்தனியே முளைக்கின்றன. இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நான் செய்த வேலை, ஒன்றை ஐந்தாக்கும் வேலையாக இருந்திருக்கிறது.

கையால் எடுப்பதே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. புதிதாக நாலைந்து செடி மட்டும் தென்படும் புல்தரையில், மழைக்கு மறுநாள் மண் நெகிழ்ந்திருக்கும்போது, நீளமான கத்தியை இறக்கி, கிழங்கோடு மொத்தமாகப் பெயர்த்தெடுத்துவிடலாம். பெயர்த்த கிழங்கை உரக்குழியில் போடாமல், சிமெண்டுத் தரையில் இரண்டு மூன்று வாரம் கடும் வெயிலில் காயவிட வேண்டும். நன்றாகச் சுருங்கி உலர்ந்தால்தான் அது சாகும். ஆனால் சதுர அடிக்கு நாற்பது கிழங்கு உள்ள இடத்தில் கையால் வெல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, மருந்து தெளிப்பதைப் பற்றி யோசித்தேன்.

ஹாலோசல்பியூரான் மீத்தைல் என்னும் மருந்து நம் ஊரில் கரும்பிலும் மக்காச்சோளத்திலும் கோரைக்காக விற்கப்படுகிறது. அமெரிக்காவில் அருகம்புல், கொரியன் புல் வகைப் புல்தரைகளுக்கும் அது பதிவு பெற்றிருக்கிறது. நம் ஊர்ப் பெட்டியில் புல்தரை என்று எழுதியிருக்காது என்பதால், முதலில் ஒரு மூலையில் ஒரு சதுர மீட்டரில் மட்டும் தெளித்து, மூன்று வாரம் காத்திருந்து, புல்லுக்குக் கேடில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். அளவுதான் இங்கே மிக முக்கியம். ஏக்கருக்கு 36 கிராம் என்றால் 2 சென்ட்டுக்கு 0.72 கிராம். தேக்கரண்டியால் அளக்கக்கூடிய அளவு அல்ல அது. தெரிந்த நகைப்பட்டறையில் தனியே ஒரு தாளில் வைத்து எடைபோட்டு, பொட்டலமாக மடித்துவந்தேன். இப்போது அந்த நுட்பத்தில் அளக்கும் சிறு தராசு ஒன்றை இதற்கென்றே வாங்கி, சமையலறைப் பக்கம் போகாமல் தனியாக வைத்திருக்கிறேன். நான்கு லிட்டர் தண்ணீரில், இலையில் ஒட்டுவதற்கான ஒட்டும் திரவமும் சேர்த்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து தெளித்தேன்.

தெளிக்கும் தருணம் அளவைப் போலவே முக்கியமானது. கோரை முளைத்து மூன்று நான்கு வாரத்தில் புதிய கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். நாலைந்து இலை விட்டு, பூத்தண்டு வராத பருவத்தில் தெளித்தால் மருந்து இலை வழியாக இறங்கிக் கிழங்கை அடையும். அதற்கு இலை வேண்டும். ஆகவே தெளிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல்லை வெட்டக் கூடாது. முதல் வாரம் எதுவுமே நடக்காதது போலத் தோன்றும். இந்த மருந்து செடியைச் சுடுவதில்லை. செடி வளர்வதற்கு வேண்டிய சில அமினோ அமிலங்கள் உருவாவதை நிறுத்துகிறது. பொறுமையின்றி ஒரு வாரத்தில் மறுபடி தெளிப்பவர்கள் பலர். பத்தாம் நாளுக்கு மேல் குருத்து மஞ்சளாகி, மூன்றாம் வாரம் கையால் இழுத்தால் குருத்து தனியே வந்துவிடும். உறங்கிய கிழங்குகள் பிறகு முளைக்கும் என்பதால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுமுறை தெளிக்க வேண்டும். எனக்கு இரண்டு ஆண்டுகளில் நான்கு தெளிப்புகள் தேவைப்பட்டன. தெளித்த பின் இரண்டு நாட்கள் அப்பாவை மொட்டைமாடியில் நடக்கச் சொன்னேன்.

கிளைபோசேட்டைத் தெளித்துவிட்டுப் புதிதாகப் புல் போடலாமே என்று ஆலோசனை கூறியவர்களும் உண்டு. அது கோரையோடு புல்லையும் கொன்றுவிடும். தவிரவும், 2022 முதல் அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஒன்றிய அரசு வரையறுத்திருக்கிறது. வீட்டில் இருப்பவர் கையில் எடுக்கக் கூடிய மருந்து அல்ல அது.

அகன்ற இலைக் களைகளில் நான் செய்த தவறு என்னோடு நிற்காமல் அடுத்த வீட்டையும் தொட்டது என்பதால், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு ஆடி மாதம் புல்தரையின் மேற்குப் பாதியில் புளியாரையும் அம்மான் பச்சரிசியும் மண்டிவிட்டன. 2,4-டி மருந்தின் எத்தில் எஸ்டர் வகையை வாங்கிவந்து தெளித்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் இங்கே வீசும் மேல்காற்று எப்படிப்பட்டது என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் காற்று ஓய்ந்திருந்த நேரத்தில்தான் தெளித்தேன். ஆனால் எஸ்டர் வகை, தெளித்த பின்னும் வெயிலில் ஆவியாகக் கிளம்பக்கூடியது. பகலில் காற்று எழுந்தபோது அது கிழக்கு நோக்கிப் போயிருக்கிறது. பத்து நாள் கழித்து, கிழக்கு வீட்டு அக்கா மதிலுக்கு மேல் ஒரு தக்காளிக் கொப்பை நீட்டி, “ஏனுங்க தம்பி, இந்த இலையெல்லாம் பாருங்க, நாடா மாதிரி சுருட்டிக்கிச்சு. பூச்சியுமில்லைங்க. என்னவா இருக்குமுங்க?” என்று கேட்டார். இலைகள் அகலம் இழந்து, கயிறாக முறுக்கி, பெரணி இலைபோல் குறுகியிருந்தன. அது என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது. தெரிந்ததைச் சொன்னேன். காய்ப்புக்கு வந்த பதினாறு செடிகள். அவர் என்னைக் கோபிக்கவில்லை; அந்தச் செடிகளைப் பிடுங்கிவிடும்படியும் காயைச் சமைக்க வேண்டாம் என்றும் நான் கேட்டுக்கொண்டபடியே செய்தார்.

அன்றிலிருந்து, முளைத்துவிட்ட அகன்ற இலைக் களைகளுக்கு மருந்தே தெளிப்பதில்லை. 2 சென்ட் இடத்தில் அதற்குத் தேவையும் இல்லை. புளியாரை, அம்மான் பச்சரிசி, வெட்டுக்காயப் பூண்டு, கீழாநெல்லி ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே நடுவேர் அல்லது எளிதில் பிடிபடும் வேர்த்தொகுதி இருக்கிறது. மழைக்கு மறுநாள் காலையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு கூடை வந்துவிடும். பூத்து விதை உதிர்ப்பதற்கு முன் எடுக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. புளியாரையின் காய் முற்றிவிட்டால் விரல் பட்டதுமே வெடித்து விதையைச் சுற்றிலும் சிதறடிக்கும் என்பதால், அதைப் பிஞ்சிலேயே எடுத்துவிட வேண்டும். நெருஞ்சி ஒன்றைக்கூட விட்டுவைப்பதில்லை. வெறுங்காலோடு நடப்பவர் இருக்கும் வீடு இது.

இனி எங்கள் ஆண்டு எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். தையிலும் மாசி முற்பாதியிலும் இரவுக்குளிரில் கொரியன் புல் ஏறத்தாழ ஓய்ந்திருக்கும். அப்போது உரம் இடுவதில்லை. சற்று வெளிறியிருந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன். மாசிப் பிற்பாதியில் அடியில் சேர்ந்த காய்ந்த சருகை வாரியால் கடினமாக இழுத்து எடுப்பேன். பங்குனி, சித்திரை வெயிலில் தழைச்சத்தைத் தொடுவதே இல்லை. என் முதல் தவறு அங்கேதான் நேர்ந்தது. அது கோரை எழும் காலம், அப்போது கோரையை மட்டும் கவனித்துத் தெளிக்க வேண்டும். கோடைமழை இரண்டு பெய்து, கோரை மருந்தில் அடங்கி, புல் புதுக்கொடி விடத் தொடங்கியதும், வைகாசி நடுவில் முதல் உரம். ஆடிக்கு முன் ஆனி இறுதியில் இரும்புத் தெளிப்பு. ஆவணியில் இரண்டாம் உரம். இந்த இரு தடவைகளில்தான் புல் தரையை மூடி, மண்ணில் நிழல் விழச் செய்கிறது. அந்த நிழலே கோரையை நெருக்குகிறது.

புரட்டாசியில் பெரும்பாலோர் மழைக்கு முன் உரம் போட்டுவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். ஐப்பசி மழை தழைச்சத்தைக் கரைத்து வேருக்குக் கீழே இறக்கிவிடும். மிஞ்சுவதை அந்த ஈரத்தில் முளைக்கும் விதைக்களைகள் எடுத்துக்கொள்ளும். கொழுகொழுவென்று வளர்ந்த இலையில் பூசண நோயும் வரும். ஆகவே புரட்டாசியில் சாம்பல்சத்து மட்டும், அதுவும் உப்பு நீர்ப் பாசனம் என்பதால் பொட்டாசியம் சல்பேட்டாக இடுகிறேன். இறுக்கமாக வேரூன்றிய புல்தரை என்பதால், புரட்டாசிக் கடைசியில் பெண்டிமெத்தலின் மருந்தை 2 சென்ட்டுக்கு 20 மில்லி வீதம் தண்ணீரில் கலந்து தெளித்து, உடனே லேசாக நீர் பாய்ச்சிய ஆண்டில் மழைக்குப் பின் முளைத்த விதைக்களைகள் மிகவும் குறைவு. ஆனால் அது முளைத்துவிட்ட களையைக் கொல்லாது, கோரைக்கிழங்கைத் தடுக்காது, புதிதாகப் போட்ட புல்லின் இளவேரையும் குட்டையாக்கிவிடும். களை மிகுந்த ஆண்டில் மட்டும் அதைத் தொடுகிறேன். மழை ஓய்ந்து மார்கழி பிறப்பதற்கு முன் மெல்லிய அளவில், பாதி உரம் ஒருமுறை. அவ்வளவுதான் ஆண்டு முழுவதுக்கும்.

மேலுரமாகத் தொழுவுரம் போடுவதை நிறுத்திவிட்டேன். சரியாக மக்காத சாணத்தில் மாடு தின்ற விதையெல்லாம் உயிரோடு வருகிறது. ஆட்டெருவில் வேலி முள்ளே முளைத்தது. சலித்த மண்புழு உரம் போதும். வெட்டிய புல் நுனியை வாரி எறியாமல் அங்கேயே விட்டுவிடுவதும் ஓர் உரமிடலே. அதற்கு ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், அடிக்கடி வெட்ட வேண்டும். கத்தி கூராக இருக்க வேண்டும். மொட்டையாக வெட்டும் வீடுகளில்தான் களை அதிகம்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வாசல் குழாயருகே மட்டும் எத்தனை தெளித்தாலும் கோரை திரும்பத் திரும்ப வந்தது. ஒரு நாள் அப்பா அந்த மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து காட்டினார். மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்த நாளில் அது உருண்டை பிடித்தது. நிலத்தடிக் குழாயின் இணைப்பில் கசிவு இருந்தது. இணைப்பை மாற்றிய அடுத்த கோடையில் அங்கே கோரை பாதிக்குமேல் குறைந்தது. நாள்தோறும் மாலையில் மேலாகத் தெளிக்கும் வழக்கத்தையும் விட்டு, கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரு சாண் ஆழம் நனையும்வரை அதிகாலையில் பாய்ச்சுகிறேன். இரும்புக் கம்பி ஒன்றைச் செருகிப் பார்த்தால் எவ்வளவு ஆழம் நனைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

எனக்கு இன்னும் வசப்படாத களை ஒன்று உண்டு. அதைக் களை என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. திருமணத்தில் ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி வாழ வாழ்த்துகிறோமே, அந்த அருகுதான் மதிலோரமிருந்து கொரியன் புல்லுக்குள் வேரோடியிருக்கிறது. கொரியன் புல்லைக் கெடுக்காமல் அருகை மட்டும் பிரித்தெடுக்கும் எளிய மருந்து வீட்டளவில் என் கைக்கு எட்டவில்லை. கணுவுக்குக் கணு வேர்விடும் கொடியைக் கையால் முழுவதும் எடுக்கவும் முடியாது. மூன்று ஆண்டுகள் போராடிய பிறகு, கிழக்கு மதிலை ஒட்டிய நாலடி அகலத்தை அருகுக்கே விட்டுவிட்டேன். எல்லையில் ஒரு அடி ஆழத்துக்குக் கடப்பைக் கல்லை நட்டிருக்கிறேன். அருகு கொரியன் புல்லைவிட வறட்சியைத் தாங்குகிறது, சுண்ணாம்பு மண்ணில் மஞ்சளாவதில்லை, உரமும் அதிகம் கேட்பதில்லை. இந்த மண்ணில் முதலிலேயே அருகம்புல்லையே தரையாகப் போட்டிருக்க வேண்டும் என்பது என் இன்றைய எண்ணம். புதிதாகப் போடுபவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அப்பா இப்போது அந்தக் கிழக்கோரத்தில்தான் நடக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையாருக்கு அருகு பறிக்க அடுத்த வீட்டு அக்கா வருவார். கையில் தட்டோடு கேட்டருகே நின்று, “மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சுங்க தம்பி?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். கேட்டுக்கு உள்புறம் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. தெளித்த நாளையெல்லாம் சிவப்பு மையில் அதில் குறித்துவைக்கிறேன்.